சுவருக்கு மறு உருட்டு கிடையாது

நான் கணக்கில் ஜெயித்த கதை இது. பெருமை அடிக்கிறாள் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், பெருமைதான் அடிக்கப்போகிறேன். அறுபதுகளின் தொடக்கத்தில், கோவில்பட்டியில் எங்கள் வீட்டுப் பட்டாசாலையில், அதாவது முன்கூடத்தில், தரையில் கரித்துண்டால் பத்துக் கட்டம் போட்டு, ஒரு பித்தளைத் தாயக்கட்டையையும் ஒரு நயா பைசாவையும் வைத்துக்கொண்டு, மதுரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பேரை ஒப்புக்கொள்ள வைத்தோம். வைத்தேன் என்று எழுதிவிட்டுத்தான் வைத்தோம் என்று திருத்தியிருக்கிறேன். அதில் பாதி என் மைனியுடையது.

மைனி என்றால் என் அண்ணனின் மனைவி. அண்ணன் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் பேக்டரியில் பிட்டர். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எம்.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு வந்தவள், சும்மா இருக்காமல் மதுரையில் ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ரயிலேறிப் போய் அவர் முன்னால் நோட்டை விரித்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்புவேன். வீட்டில் இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்தக் கோடையோடு சரி, அப்புறம் கல்யாணப் பேச்சுதான் என்று முடிவாகச் சொல்லியிருந்தார்கள்.

கணக்கு எங்கே கிடைத்தது என்றால், அண்ணனுக்குச் சோறு கொண்டுபோன இடத்தில். பருத்தி வரத்து சமயத்தில் அண்ணனால் வீட்டுக்கு வந்து சாப்பிட முடியாது. நான் தூக்குச்சட்டியோடு போய் நின்றால், அரைக்கிற கூடத்தில் பஞ்சுத் தூசி கண்ணை மறைக்கும். ஒரு பக்கம் சுண்ணாம்புச் சுவர். ஆள் உயரத்துக்கு அதில் வெள்ளை வெள்ளையாகத் தூசி ஒட்டியிருக்கும். எதிர்ப்பக்கம் கதவு. கதவு வழியாகத் தப்பிய தூசி முழுதும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த வேப்ப மரத்தில் போய் உட்கார்ந்திருக்கும். சுவரில் இடித்த தூசியெல்லாம் ஒட்டிவிடுவதில்லை. சிலது இடித்துவிட்டுத் திரும்பி வரும், மறுபடி அலையும், மறுபடி போய் இடிக்கும். அப்படியென்றால் இந்தக் கூடத்தில் கிளம்புகிற தூசியில் எத்தனை பங்கு சுவரில் ஒட்டும், எத்தனை பங்கு வெளியே போகும்? அண்ணனிடம் கேட்டேன்.

"ஒட்டுனது ஒட்டும், போனது போவும். இதுல என்னட்டி கணக்கு?" என்றான்.

பேராசிரியரிடம் சொன்னபோது அவரும் முதலில் சிரித்தார். பஞ்சுத் தூசிக்குப் போய் யாராவது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவார்களா என்றார். எனக்கு வந்த கோபத்தில் ஊர் திரும்பி அதே கணக்கை அப்படியே வேறு தாளில் எழுதினேன். பஞ்சுத் தூசி என்ற இடத்திலெல்லாம் வாயு மூலக்கூறு என்று போட்டேன். கூடத்தைக் கலம் ஆக்கினேன். சுண்ணாம்புச் சுவரை வினைபுரியும் பரப்பு ஆக்கினேன். அடுத்த மாதம் அதே மனிதர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து படித்தார். இப்படித்தான் என் கணக்குக்கு மரியாதை கிடைத்தது.

கணக்கைச் சின்னதாக்கிச் சொல்கிறேன், பயப்பட வேண்டாம். ஒரு வரிசையாகக் கட்டங்கள். இந்தக் கோடியில் இருக்கும் கட்டம் சுவர். சுவரிலிருந்து மூன்றாவது கட்டத்தில் ஒரு துகள் நிற்கிறது. அங்கிருந்து எதிர்ப்பக்கம் ஆறு கட்டம் போனால் கதவு. துகளுக்குப் புத்தி கிடையாது. ஒவ்வொரு தடவையும் முன்னால் ஒரு கட்டமோ பின்னால் ஒரு கட்டமோ, அதிர்ஷ்டம் போல, நகரும். கதவைத் தொட்டால் தப்பித்தது. சுவரைத் தொட்டால் நாலில் ஒரு தடவை சுவர் பிடித்துக்கொள்ளும். மற்ற மூன்று தடவை விட்டுவிடும், துகள் ஒரு கட்டம் திரும்பி வந்து மறுபடி அலையும். எத்தனை பங்கு தப்பிக்கும்?

சுவர் தொட்டதையெல்லாம் பிடிக்கிற சுவராக இருந்தால் கணக்கு எளிது. சுவர் மூன்று கட்டம், கதவு ஆறு கட்டம். மூன்றில் ஒரு பங்குதான் தப்பிக்கும். நான் கண்டுபிடித்தது என்னவென்றால், நாலில் ஒரு தடவை மட்டும் பிடிக்கிற இரக்கமுள்ள சுவர், தொட்டதையெல்லாம் பிடிக்கிற சுவர் மூன்று கட்டம் பின்னால் தள்ளி நின்றால் எப்படியோ அப்படியே நடந்துகொள்கிறது. பத்தில் ஒரு தடவை பிடிக்கிற சுவர் என்றால் ஒன்பது கட்டம் தள்ளி நிற்கும். ஆக நம் துகளுக்குச் சுவர் ஆறு கட்டம், கதவும் ஆறு கட்டம். சரிபாதி தப்பிக்கும். இந்த விடை வந்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கொடுக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

என் சந்தோஷத்தில் மண்ணைப் போட வந்தவர் அண்ணாச்சி. துறையில் எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவர். கழுகுமலைப் பக்கத்துக்காரர். எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். மதுரைக்கு வந்த பிறகு பேச்சில் ஊர் வாடையே வராமல் பார்த்துக்கொள்வார். அவரும் இதே கணக்கைப் போட்டிருந்தார். துகள்களில் மூன்றில் இரண்டு பங்கு சுவரைத் தொடும். தொட்டதில் நாலில் ஒன்று பிடிபடும். ஆக மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குதான் மாட்டும், மீதி ஐந்து பங்கு தப்பிக்கும் என்றார். கேட்பதற்கு அழகாகத்தான் இருந்தது.

"ஒரு தடவ தப்புன துகள் மறுபடியும் சுவர் பக்கத்துலதான நிக்குது, அண்ணாச்சி. அது திரும்பத் திரும்பப் போய் இடிக்குமே" என்றேன். எங்கள் தெருமுனையில் ஓர் அம்மாள் வாசலில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரைப் பிடித்துவைத்துப் பேசுவார். நாலு தடவை போனால் ஒரு தடவை மாட்டுவோம். ஒரு நாள் தப்பிவிடலாம். அந்த வாசலிலேயே முன்னும் பின்னும் நடந்துகொண்டிருப்பவள் எத்தனை தடவை தப்புவாள்? இதைச் சொன்னதும் அண்ணாச்சி, "சுவர் தள்ளிப் போகுது, தெருவுல அம்மா நிக்கிறாங்க... இதெல்லாம் கணிதமா?" என்று பேராசிரியரைப் பார்த்துச் சிரித்தார்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. அவருக்கு யார் பக்கமும் நம்பிக்கை வரவில்லை என்பதுதான் உண்மை. "வாதம் போதும். சீட்டு குலுக்கிப் போடுவீங்களோ, காசு சுண்டுவீங்களோ, செஞ்சு பாருங்க. ஆனா நீங்க ரெண்டு பேரும் கை வைக்கக் கூடாது. விடை தெரியாதவங்க செய்யட்டும். லீவு முடிஞ்சு வரும்போது முடிவோட வாங்க. யார் விடை சரியோ அவங்க கட்டுரைதான் பத்திரிகைக்குப் போகும்" என்றார். ஆராய்ச்சிக்குச் சம்பளத்தோடு ஒரே ஓர் இடம் துறைக்கு வந்திருந்தது. அது யாருக்கு என்பதும் அதோடு முடிவாகிவிடும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அண்ணாச்சி, கோவில்பட்டியிலேயே நடக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை என்று பெரிய மனதோடு சொன்னார். தன் விடையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

விடை தெரியாதவர்களுக்கு நான் எங்கே போவேன்? வீட்டிலேயே இருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, வெயில் இறங்கும் வரை மைனியும் எதிர்வீட்டு அக்காவும் தாயம் ஆடுவார்கள். எதிர்வீட்டு அக்கா ஆடு வளர்க்கிற குடும்பம். காலையில் ஆட்டுக் கிடையை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டால் சாயங்காலம் வரை அவருக்கு ஓய்வு. இரண்டு பேருக்கும் கை அப்படிப் பழகியிருக்கும். பேச்சு ஒரு பக்கம் போகும், கட்டை ஒரு பக்கம் உருளும்.

நான் கரித்துண்டை எடுத்துக் கட்டம் போட்டேன். துகளுக்குப் பருத்திக்கொட்டை, எண்ணி நானூறு. நயா பைசாவைச் சுண்டித் தலை விழுந்தால் கதவு பக்கம் ஒரு கட்டம், பூ விழுந்தால் சுவர் பக்கம் ஒரு கட்டம். சுவரைத் தொட்டால் மட்டும் தாயக்கட்டை ஒன்றை உருட்ட வேண்டும். கட்டைக்கு நாலு முகம்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஒன்று வெறும் முகம். ஒரு புள்ளி, அதாவது தாயம் விழுந்தால் கொட்டை பிடிபட்டது. பிடிபட்டதை ஒரு டப்பாவிலும் தப்பித்ததை இன்னொரு டப்பாவிலும் போட வேண்டும். நாலில் ஒன்றுக்குத் தாயத்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், பெயருள்ள முகம், மறக்காது என்பதுதான். வேறு எந்த முகத்தைச் சொல்லியிருந்தாலும் இந்தக் கதையே நடந்திருக்காது.

"தாயம் விழுந்தா பிடிபடுதா? தாயம்னா நல்லதுல்லா நடக்கணும்?" என்று மைனி அப்போதே முகத்தைச் சுளித்தார்.

"ஆட்டம் வேற, இது வேற மைனி" என்றேன்.

"என்ன வேறயோ. கொட்ட பாவம்" என்றார் எதிர்வீட்டு அக்கா.

சித்திரை முழுக்க நடந்தது. ஒரு கொட்டை கதவுக்குப் போகிறேன் போகிறேன் என்று போய், கடைசிக் கட்டத்தில் திரும்பிச் சுவருக்கு வரும். "ஏலே, போயேன்டா அங்கன!" என்று மைனி அதை அதட்டுவார். கதவைத் தொட்டுவிட்டால் இரண்டு பேரும் கைதட்டுவார்கள். நான் பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டு அதே பட்டாசாலையில்தான் உட்கார்ந்திருப்பேன். எத்தனையோ தடவை நிமிர்ந்து பார்த்திருக்கிறேன். சுவரில் கட்டை உருள்வதையும் பார்த்திருக்கிறேன். தப்பாக ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

நானூறும் முடிந்த அன்று டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன். தப்பித்தவை முன்னூற்று மூன்று.

இருநூறு வர வேண்டிய இடம். நூற்று எண்பது வந்திருந்தாலும், இருநூற்று இருபது வந்திருந்தாலும் சமாளிக்கலாம். முன்னூற்று மூன்றை எந்தச் சமாதானத்தாலும் இருநூறு ஆக்க முடியாது. அண்ணாச்சி கணக்குப்படி முன்னூற்று முப்பத்துச் சொச்சம். அவர் பக்கம்தான் சாய்ந்திருந்தது. முதலில் எதிர்வீட்டு ஆட்டின் மேல் சந்தேகம் வந்தது. பருத்திக்கொட்டை என்றால் ஆட்டுக்கு உயிர்; பிடிபட்ட டப்பாவில் வாய் வைத்திருக்குமோ என்று அக்காவிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வரவில்லை. இரண்டு டப்பாவையும் சேர்த்து எண்ணினால் நானூறு சரியாக இருந்தது. ஆடு நிரபராதி.

பிறகு என் கணக்கைப் பிரித்துப் போட்டுத் தப்பு தேடினேன். தேடித் தேடித் தப்பு கிடைக்காததுதான் பெரிய வேதனை. கிடைத்திருந்தால் அழுதுவிட்டு ஓய்ந்திருப்பேன். சோறு இறங்கவில்லை. மைனி தட்டைப் பார்த்துவிட்டு, "நாங்க என்னமும் தப்பா செஞ்சுட்டமாட்டி?" என்று கேட்டார். உங்கள் மேல் தப்பில்லை, என் மேல்தான் என்று சொன்னேன். ரயிலுக்கு எட்டு நாள் இருந்தது.

அடுத்த நாள் லீவிலும் பள்ளிக்கூடத்துக்குப் போய் மார்க் கூட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு வீம்பு வந்தது. என் கணக்கு சரி என்று வைத்துக்கொள்வோம், உலகம்தான் தப்பு. அப்படியானால் இந்த முன்னூற்று மூன்றைக் கொடுக்கிற சுவர் எப்படிப்பட்ட சுவராக இருக்க வேண்டும்? முன்னூற்று மூன்று ஏறக்குறைய நானூற்றில் முக்கால். முக்கால் பங்கு தப்ப வேண்டுமானால் கதவு ஒரு பங்கு தூரமும் சுவர் மூன்று பங்கு தூரமும் இருக்க வேண்டும். கதவு ஆறு கட்டம். அப்படியென்றால் சுவர் பதினெட்டு. உண்மையில் சுவர் மூன்று கட்டத்தில் இருக்கிறது. ஆக, பதினைந்து கட்டம் தள்ளி நிற்கிறது. பதினைந்து தள்ளி நிற்க வேண்டுமானால் அது பதினாறில் ஒரு தடவைதான் பிடிக்கிற சுவர்.

பதினாறில் ஒன்று. நாலில் ஒன்றின் நாலில் ஒன்று.

மார்க் லிஸ்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். நாலில் ஒன்று என்றால் ஒரு தாயம். நாலில் ஒன்றின் நாலில் ஒன்று என்றால் அடுத்தடுத்து இரண்டு தாயம். தலைமை ஆசிரியையிடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, கருப்பு மண் புழுதி செருப்புக்குள் ஏற, ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். மைனி அடுப்படியில் கம்பங்கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார்.

"மைனி, சுவர்ல தாயம் விழுந்தா என்ன செஞ்சீங்க?"

"மறுக்கா உருட்டுனோம்."

"ஏன்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இவளுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று இருந்தது. "தாயம்லா விழுந்திருக்கு! தாயம் விழுந்தா மறு உருட்டு உண்டுல்லா. அதுல என்ன விழுதோ அதான கணக்கு? அதுலயும் தாயமே விழுந்தா, சரி, இது பிடிபடணும்னு இருக்குன்னு எடுத்து டப்பாவுல போட்டுருவோம்."

நான் மைனியைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். கஞ்சி அகப்பை கீழே விழுந்தது. என் கண் பார்க்காததை, என் கண்ணெதிரே நூறு தடவை நடந்தும் நான் பார்க்காததை, என் கணக்கு பார்த்துவிட்டது! நானும் தாயம் ஆடி வளர்ந்தவள்தான். தாயத்துக்கு அப்புறம் கை மறுபடி கட்டையை எடுப்பது எனக்கும் மூச்சு விடுவது போல. அதனால்தான் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. கணக்குக்குத் தாயம் ஆடத் தெரியாது. அது பாட்டுக்குப் பதினாறு என்று சொல்லிவிட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை, இன்றைக்கும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை.

மைனிக்கு மட்டும் அழுகை வந்துவிட்டது. "என்னாலயாட்டி இவ்வளவும்? உன் படிப்பக் கெடுத்துட்டனா?" என்றார். இல்லை மைனி, நீங்கள்தான் காப்பாற்றினீர்கள் என்றால் நம்பவில்லை.

மிச்சமிருந்த நாட்களில் மறுபடி உருட்டினார்கள். இந்தத் தடவை தாயத்தின் பக்கமே போகவில்லை. மூன்று புள்ளி விழுந்தால் பிடிபட்டது என்று மாற்றினேன். ஆட்டுக் கோபத்தை மறந்து எதிர்வீட்டு அக்காவும் வந்துவிட்டார். நேரம் இருந்தது இருநூறு கொட்டைக்குத்தான். தப்பித்தவை நூற்று நாலு.

கிளம்புகிற அன்று காலையில் பார்த்தால் மைனி கொசுவம் வைத்துச் சேலை கட்டி, பூ வைத்து, கையில் சுருக்குப்பையோடு நிற்கிறார். "நானும் வாரேன். தப்பு செஞ்சது நான். அவிய கேட்டாவன்னா நான்தான பதில் சொல்லணும்?" சுருக்குப்பைக்குள் தாயக்கட்டை இருந்தது. அண்ணன் இரண்டு டிக்கெட்டாக எடுத்தான்.

கல்லூரியில் பேராசிரியர் அறைக்குள் மைனி செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்: முன்னூற்று மூன்று, பதினாறில் ஒன்று, மறு உருட்டு, நூற்று நாலு. பேராசிரியர் கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணாச்சி நடுவிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"முதல் சோதனையில கிட்டத்தட்ட என் விடைதான் வந்திருக்கு. அது பிடிக்கலைன்னதும் ஆட்டக்காரங்க மேல பழி. ரெண்டாவது சோதனை, விடை தெரிஞ்ச பிறகு செஞ்சது, அது செல்லாது. மறு உருட்டாம்! பிடிபட்டுச்சுன்னு விதி தெளிவா இருக்கும்போது யாராவது மறுபடி உருட்டுவாங்களா? புத்தியுள்ள யாரும் செய்ய மாட்டாங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதில் பாதி நியாயம் வேறு இருந்தது, அதுதான் எரிச்சல். பேராசிரியர் என்னைப் பார்த்தார். என் இரண்டு வருடமும் அந்தப் பார்வையில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது மைனி எழுந்தார். சுருக்குப்பையை அவிழ்த்துக் கட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"தம்பி, நீங்களே ஒருக்கா உருட்டிப் பாருங்க" என்றார்.

அண்ணாச்சியால் மறுக்க முடியவில்லை. நான் ஒரு தாளில் பத்துக் கட்டம் போட்டேன். பருத்திக்கொட்டைக்குப் பதில் ஒரு சட்டைப் பொத்தான், சுண்டுவதற்கு ஒரு நயா பைசா. விதியை மறுபடி ஒரு தடவை, பேராசிரியர் கேட்க, தெளிவாகச் சொன்னேன்: சுவரில் தாயம் விழுந்தால் பிடிபட்டது. தெரியும் தெரியும் என்று தலையசைத்தார் அண்ணாச்சி. முதல் தடவை பொத்தான் கதவு வழியாகப் போய்விட்டது. இரண்டாவது தடவையும் போய்விட்டது. அதற்குள் அவருக்கு ஆட்டம் பிடித்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டார். மூன்றாவது தடவை பொத்தான் சுவருக்கு வந்தது. கட்டையை உள்ளங்கையில் தேய்த்து, எங்கள் பக்கத்து ஆள் உருட்டுகிற மாதிரியே மணிக்கட்டைச் சுழற்றி உருட்டினார். வெறும் முகம். பொத்தான் ஒரு கட்டம் திரும்பியது, மறுபடி சுவருக்கே வந்தது. மறுபடி உருட்டினார்.

ஒரு புள்ளி.

அண்ணாச்சியின் கை அடுத்த நொடியே கட்டையை எடுத்துவிட்டது. எடுத்து, தேய்த்து, உருட்டப்போனது.

"தம்பி! எதுக்கு மறுக்கா எடுக்கீங்க?" என்றார் மைனி.

"தாயம்லா விழுந்திருக்கு..." என்றார் அண்ணாச்சி, கழுகுமலைப் பேச்சில், முழுசாக.

சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது கேட்டது. கட்டையைக் கையில் பிடித்தபடியே இருந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் பேராசிரியர் முதலில் தோள் குலுங்க அடக்கிப் பார்த்தார், அப்புறம் சத்தமாகவே சிரித்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், அடக்க நினைக்கவே இல்லை. அண்ணாச்சி நல்ல மனிதர்தான், அதையும் சொல்ல வேண்டும். கட்டையை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு, "பிடிபட்டுச்சு" என்று தானே பொத்தானை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு என் கணக்குத் தாளை இழுத்து, பதினாறு வருகிற அந்தக் கணக்கைக் கீழிருந்து மேல் வரை ஒரு தடவை போட்டுப் பார்த்தார். சரியாக இருக்கிறது என்றார்.

பேராசிரியர், "ரெண்டு சுவரையும் எழுதுங்க" என்றார். "ஒரே தடவையில பிடிக்கிற சுவர் ஒண்ணு. ரெண்டு தடவை கேட்டுப் பிடிக்கிற சுவர் ஒண்ணு. ரெண்டுக்கும் உங்க சூத்திரம் சரியா வருதுன்னா இதைவிட என்ன சோதனை வேணும்? இந்த வாரமே அனுப்பிடுவோம். அந்த இடத்துக்கு விண்ணப்பத்தையும் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க." விண்ணப்பம் எழுதிய அவசரத்தில் ஊர்ப் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். அண்ணாச்சி சுட்டிக்காட்டினார், திருத்தினேன்.

திரும்பி வரும் ரயிலில் மைனி சாத்தூர் வரை சுருக்குப்பையை அவிழ்ப்பதும் முடிவதுமாக இருந்தார். சாத்தூரில் சேவு வாங்கிப் பொட்டலத்தைப் பிரித்த பிறகுதான் கேட்டார்.

"அப்போ நாங்க மொதல்ல உருட்டுனோமே, நானூறு கொட்ட, அது வீண் போவலியா?"

"ஒண்ணுகூட வீண் போவல மைனி. அதுதான் கட்டுரையில ரெண்டாவது பகுதி. அது இல்லன்னா அண்ணாச்சிய ஒப்புக்க வச்சிருக்க முடியாது."

"அதெப்படிட்டி? வெளங்குத மாதிரிச் சொல்லு."

நான் சேவுப் பொட்டலத்துத் தாளிலேயே எண்ணெய்க் கறை படாத இடமாகப் பார்த்துக் கட்டம் போட்டுச் சொன்னேன். சுவர் எப்படித் தள்ளி நிற்கிறது, நாலில் ஒன்று என்றால் எத்தனை கட்டம், பதினாறில் ஒன்று என்றால் எத்தனை கட்டம். மைனி மூன்று தடவை குறுக்குக் கேள்வி கேட்டார். மூன்றாவது கேள்வி அண்ணாச்சி கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நள்ளி தாண்டும்போது தாளை வாங்கி மடித்துச் சுருக்குப்பைக்குள் கட்டையோடு வைத்துக்கொண்டார்.

கோவில்பட்டி ஸ்டேஷனில் அண்ணன் சைக்கிளோடு நின்றிருந்தான். எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னட்டி ஆச்சு?" என்று என்னிடம்தான் கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் மைனி முந்திக்கொண்டார்.

"ஜெயிச்சுட்டோம். ஒங்க ஜின்னிங் பேக்டரிச் சுவரு இருக்குல்லா, அது நீங்க நெனைக்க இடத்துல இல்ல. தள்ளி நிக்குது. எத்தன கட்டம் தள்ளி நிக்குதுன்னு வீட்டுக்கு வாங்க, நான் சொல்லுதேன்."